தீவகக் கடற்பொருளாதாரத்தில் நிறுவனங்களும் தொழில்நுட்ப மாற்றமும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத் தீவகத்தைக் குறிக்கும் பழைய ஒல்லாந்த வரைபடங்களில் நெடுந்தீவு ‘டெல்ஃப்ட்’ என்றும், புங்குடுதீவு ‘மிடல்பேர்க்’ என்றும், அனலைதீவு ‘றொட்டர்டாம்’ என்றும், இன்றைய காரைநகர் ‘அம்ஸ்ரடாம்’ என்றும் பெயர் பெற்றுள்ளன. தாயகத்தை நினைந்து ஏங்கிய மாலுமிகள் இட்ட பெயர்கள் என இவற்றைக் கொள்வது வழக்கம். ஆனால், 1602 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி ஆறு நகரங்களின் வணிக மன்றங்கள் இணைந்து உருவாகிய ஒரு கூட்டு நிறுவனம் என்பதையும், மேற்கூறிய நான்கு நகரங்களும் அந்த ஆறனுள் அடங்குவன என்பதையும் நினைவிற்கொள்ளும்போது இப்பெயர்களுக்கு வேறொரு பொருள் புலனாகின்றது. ஒரு வணிக நிறுவனம் தன் கிளைகளின் பெயர்களை நம் தீவுகளின்மேற் பொறித்துச் சென்றுள்ளது. தீவகத்தின் நவீன வரலாறு ஒரு கம்பனியின் கணக்கேட்டில் தொடங்குகின்றது எனின் அது மிகையன்று.

நிறுவனங்கள் புதிய தொழில்நுட்பத்தை எவ்வாறு கையாளுகின்றன என்னும் வினா இன்று முகாமைத்துவக் கல்வியின் முக்கிய வினாக்களுள் ஒன்றாகும். அத்துறையினர் இதனைப் பெரும்பாலும் முயற்சியாளனின் துணிவு, நிருவாகத்தின் தொலைநோக்கு, தொழிலாளரின் ‘மாற்றத்துக்கு எதிரான மனப்பான்மை’ ஆகியவற்றின் அடிப்படையில் விளக்குவர். ஜோசப் சும்பீற்றர் 1942 இல் வெளியிட்ட நூலில், பழைய உற்பத்தி அமைப்புகளை அழித்துப் புதியனவற்றை இடையறாது தோற்றுவிப்பதே முதலாளித்துவத்தின் இயல்பு என வாதிட்டார். அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னரே, 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்தில், மார்க்ஸ் இதனை மேலும் துல்லியமாக நோக்கியிருந்தார். இயந்திரம் உழைப்பைக் குறைக்கின்றது என்பதனால் மட்டும் முதலாளி அதனை வாங்குவதில்லை. அது இடம்பெயர்க்கும் கூலியிலும் இயந்திரத்தின் விலை குறைவாக இருந்தாலன்றி அவன் அதனை நாடமாட்டான் என்பது அவர் காட்டிய உண்மை. எனவே, கூலி மலிந்த இடத்தில் இயந்திரம் தாமதிக்கும்.

இவ்வுண்மையைத் தீவகத்தின் கடற்பொருளாதாரத்திற் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தீவகத்தில் எந்தத் தொழில்நுட்பம் எப்போது வந்தது என்பதை அத்தொழில்நுட்பத்தின் சிறப்போ மக்களின் அறிவோ தீர்மானிக்கவில்லை. உடைமை, கடன், பங்கு ஆகிய மூன்றும் யார் கையில் இருந்தன என்பதே தீர்மானித்தது. இதனை நான்கு கட்டங்களாக நோக்கலாம்.

1. சாயவேரும் கட்டாய உழைப்பும்

1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனிக்குத் தீவகம் மூன்று வகையிற் பயன்பட்டது. ஊர்காவற்றுறை யானைகளை ஏற்றும் துறையாக இருந்தது. நெடுந்தீவு குதிரைகளை வளர்க்கும் நிலமாக இருந்தது. மணற்பாங்கான நிலங்களில் வளர்ந்த சாயவேர் பருத்தித் துணிகளுக்குச் சிவப்புச் சாயம் தந்தது. இவற்றுள் சாயவேரே நமது ஆய்வுக்கு மிகவும் பொருத்தமானது.

சாயவேரை அகழ்வது எளிய தொழிலன்று. மெல்லிய வேர் மணலுள் ஆழமாகச் செல்லும். அது முறியாதவாறு அகழ்ந்தெடுத்து, மண் நீக்கி, உலர்த்திக் கட்டாக்க வேண்டும். இவ்வேலை சாதியடிப்படையில் விதிக்கப்பட்ட கடமையாக இருந்தது. அகழ்வோர் தாம் எடுத்த வேரைக் கம்பனிக்கே, கம்பனி விதித்த விலைக்கே கொடுக்கவேண்டியிருந்தது. நிலமானிய அமைப்பின் சாதிக் கடமையை ஐரோப்பாவின் மிக முன்னேறிய வணிக நிறுவனம் ஒழிக்கவில்லை. தன் கணக்கேட்டிற் சேர்த்துக்கொண்டது. முதலாளித்துவம் தான் சென்ற இடமெல்லாம் பழைய உற்பத்தி உறவுகளைத் தகர்த்தெறிந்தது என்னும் எளிய சூத்திரத்துக்குத் தீவகம் ஒரு மறுப்பாக அமைகின்றது.

இதன் விளைவு யாது? அகழும் முறையிலோ, பயிரிடும் முறையிலோ, சாயம் பிரித்தெடுக்கும் முறையிலோ மாற்றம் தேடவேண்டிய தேவை கம்பனிக்கு ஏற்படவில்லை. உழைப்பு கட்டாயமானதாகவும் விலை தான் விதித்ததாகவும் இருக்கும்போது புதுமை வீண்செலவாகும். வேர் தந்த செல்வம் வேரின் தொழிலுக்குத் திரும்பவில்லை.

பிரித்தானியர் காலத்தில் இத்தொழில் நலிந்தது. அது மீளக்கூடிய வாயிலை அடைத்தது தொலைவிலிருந்த ஓர் ஆய்வுகூடமாகும். சாயவேரின் சிவப்புக்குக் காரணமான பொருள்களுள் முதன்மையானது அலிசரின். 1868–69 இல் ஜேர்மனிய இரசாயனவியலாளரான கிறேபேயும் லீபர்மனும் இதனை நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் பொருளிலிருந்து செயற்கையாக ஆக்கும் வழியைக் கண்டனர். 1865 இல் தோன்றியிருந்த பாஸ்ஃப் என்னும் ஜேர்மனிய நிறுவனம் அதனைத் தொழிற்சாலை உற்பத்தியாக்கியது. சில ஆண்டுகளுள் உலகெங்கும் இயற்கைச் சிவப்புச் சாயங்களின் சந்தை சரிந்தது. பிரான்சின் மஞ்சிட்டி வயல்களும் சோழமண்டலக் கரையின் சாயவேர் நிலங்களும் ஒரே அடியில் வீழ்ந்தன.

இரு நிறுவனங்களையும் ஒப்பிடுவது பயன்தரும். ஒல்லாந்தக் கம்பனி உழைப்பைக் கட்டிவைத்து இலாபம் ஈட்டியது. ஜேர்மனிய நிறுவனம் விஞ்ஞானிகளை ஊதியத்துக்கு அமர்த்தி இலாபம் ஈட்டியது. கண்டுபிடிப்பை நிறுவனத்தின் அன்றாடத் தொழிலாக மாற்றியமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த பெரும் மாற்றமாகும். இவ்விரு மாற்றங்களிலும் தீவகத்து உழைப்பாளிக்குக் கிடைத்த பாத்திரம் ஒன்றே: முன்னதில் அவன் கட்டுண்டான், பின்னதில் அவன் தேவையற்றவனானான்.

2. பாய்க்கப்பல் ஏன் நிலைத்தது?

தீவகத்தாரும் வடமராட்சியாரும் கடலோடிகள் என்பது நாம் பெருமையோடு கூறும் செய்தி. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தமை இப்பெருமையின் உச்சமாகக் கொள்ளப்படுகின்றது. அக்கப்பலைக் கட்டிய கைகளின் திறமை ஐயத்துக்கிடமற்றது. எனினும் வரலாற்று மாணவன் வேறொரு வினாவையும் எழுப்பவேண்டும். அத்திலாந்திக்கில் நீராவிக் கப்பல்கள் நூறாண்டு ஓடிவிட்ட அந்தக் காலத்தில் நமது கரைகளில் பாய்க்கப்பல் ஏன் உயிரோடிருந்தது?

மரபுப் பற்று என்பது இதற்கு விடையாகாது. ஊர்காவற்றுறையிலிருந்து நாகபட்டினத்துக்கும் சோழமண்டலத்தின் ஏனைய துறைகளுக்கும் பர்மாவுக்கும் சென்ற தோணிகளுக்குத் தேவைப்பட்டவை மூன்று: ஆழமற்ற துறை, உள்ளூரிற் கிடைத்த தச்சனின் கை, குறைந்த கூலிக்கு உழைக்கும் மாலுமி. இவை மூன்றும் இங்கே இருந்தன. நீராவிக் கப்பலுக்கு வேண்டிய நிலக்கரியும், ஆழ்துறையும், பெருமூலதனமும் இங்கே இருக்கவில்லை. ஒரு தோணியின் உடைமையைப் பலர் பங்குகளாகப் பிரித்து வைத்திருக்கலாம். தண்டையலும் மாலுமிகளும் பயணத்தின் வருவாயிற் பங்கு பெறலாம். பயணம் தோற்றால் உழைப்பாளியும் தோற்பான். இழப்பில் ஒரு பகுதியை உழைப்பின்மேற் சுமத்தும் இந்த ஏற்பாடே பாயை மலிவாக்கியது. மார்க்ஸ் கூறிய விதி இங்கே கண்கூடாகின்றது. இயந்திரத்தை விரட்டியது மூடத்தனமன்று, மலிந்த உழைப்பு.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தவை மூன்று நிகழ்ச்சிகள். 1905 இல் கொழும்பையும் காங்கேசன்துறையையும் இருப்புப்பாதை இணைத்தபோது கடல்வழி வந்த பண்டங்களின் ஒரு பகுதி தரைவழிக்கு மாறியது. 1914 இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே தொடங்கிய நீராவிக் கப்பற் சேவை தமிழகத்துடனான போக்குவரத்தைத் தன்வயப்படுத்தியது. 1942 இல் யப்பான் பர்மாவைக் கைப்பற்றியதும் அரிசி வணிகம் அறுந்தது. இவற்றுள் ஒன்றேனும் தீவகத்துக் கப்பல் உடைமையாளரால் தீர்மானிக்கப்பட்டதன்று என்பது குறிப்பிடத்தக்கது.

உடைமையாளர் இம்மாற்றத்தை எதிர்கொண்ட முறையும் கருதத்தக்கது. அவர்களுட் சிலர் நீராவிக் கப்பலில் முதலிடவில்லை; கடையில் முதலிட்டனர். காரைநகர், வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு ஆகிய ஊர்களிலிருந்து கொழும்புக்கும் தென்னிலங்கைச் சிறுநகரங்களுக்கும் சென்று பலசரக்குக் கடைகளும் உணவுச்சாலைகளும் நடத்திய வணிகர் கூட்டம் இவ்வாறு பெருகியது. கடலில் ஈட்டிய மூலதனம் உற்பத்திக்குத் திரும்பாமல் விற்பனைக்குச் சென்றது. வணிக மூலதனம் கைத்தொழில் மூலதனமாக மாறாமை காலனித்துவ நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான நோய். தீவகம் அதற்கு விலக்கன்று.

3. இயந்திரமும் பங்கும்

மூன்றாவது கட்டம் சுதந்திரத்துக்குப் பின்னர் தொடங்குகின்றது. 1950களின் பிற்பகுதியில் மீன்பிடித் திணைக்களம் 28 அடி நீளமான, மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளைத் தவணைக்கடன் அடிப்படையில் வழங்கத் தொடங்கியது. இதே காலப்பகுதியில் நைலோன் வலையும் வெளியிணைப்பு இயந்திரமும் வந்தன. 1964 இல் அரச மீன்பிடிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பருத்தி வலைக்குப் பட்டைச் சாயம் ஏற்றி, நாளும் உலர்த்தி, பெண்கள் வீட்டிலிருந்து முடிந்து பழுதுபார்த்த நிலை மாறியது. நைலோன் வலை அழுகாது. ஆனால் அதனை வீட்டில் உண்டாக்கவும் முடியாது. ஆகவே கடலுக்குப் போகும் ஒவ்வொருவனும் முதன்முறையாகத் தொழிற்சாலையின் வாடிக்கையாளனானான்.

இம்மாற்றத்தின் உள்ளியக்கத்தை அறியப் பங்கு முறையை நோக்கவேண்டும். கடற்றொழிலிற் கூலி வழங்கப்படுவதில்லை, வருவாய் பங்கிடப்படுகின்றது. வள்ளத்துக்கும் வலைக்கும் பங்குண்டு, தொழிலாளிக்கும் பங்குண்டு. பங்கு முறை ஊருக்கு ஊர், வலைக்கு வலை வேறுபடும். விளக்கத்தின் பொருட்டு ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பாய் வள்ளம் ஒன்றில் ஒருநாட் பிடிபாடு 120 ரூபா. வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, நான்கு தொழிலாளருக்கு நான்கு பங்கு. ஆறு பங்குகளில் ஒவ்வொன்றும் 20 ரூபா. உழைப்புக்கு 80, உடைமைக்கு 40.

இப்போது இயந்திரம் வருகின்றது. பிடிபாடு இருமடங்காகி 240 ரூபாவாகின்றது. எரிபொருளுக்கும் பனிக்கட்டிக்கும் 60 ரூபாவை முதலிற் கழித்தால் எஞ்சுவது 180. இயந்திரத்துக்கு இரண்டு பங்கு, நைலோன் வலைக்கு இரண்டு, படகுக்கு ஒன்று, நான்கு தொழிலாளருக்கு நான்கு. ஒன்பது பங்குகளில் ஒவ்வொன்றும் அதே 20 ரூபா. பிடிபாடு இரட்டித்தது, தொழிலாளியின் கையில் வந்தது மாறவில்லை, உடைமையின் பங்கு 40 இலிருந்து 100 ஆகியது. கடல் பொய்த்த நாளில் நிலைமை இன்னும் தெளிவாகும். பிடிபாடு 120 ஆக வீழ்ந்தால் செலவு போக எஞ்சும் 60 ரூபா ஒன்பதாகப் பிரியும். தொழிலாளிக்கு ஏழு ரூபாவுக்கும் குறைவு. பாயோடியவன் அதே பிடிபாட்டுக்கு 20 ரூபா பெற்றிருப்பான்.

இக்கணக்கு எந்த ஊரின் ஏட்டிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. எனினும் அது காட்டும் இயக்கம் உண்மையானது. ‘பங்கு’ என்னும் பழஞ்சொல் மாறாதிருக்க, அதன் உள்ளடக்கம் மாறுகின்றது. சமத்துவத்தின் சாயலைத் தாங்கிய மரபு வடிவம் உபரியை உடைமைக்கு மாற்றும் கருவியாகின்றது. உடைமையாளனும் முற்றாகத் தப்புவதில்லை. தவணைக்கடனைச் செலுத்த முற்பணம் வாங்கும் சம்மாட்டி, பிடிபாட்டை முற்பணம் தந்த முதலாளிக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கவேண்டியவனாகின்றான். மீன் அழியும் பண்டமாதலால், பனிக்கட்டியும் வாகனமும் யாரிடம் உள்ளனவோ அவரே விலையை விதிப்பார். சாயவேர் அகழ்ந்தவனின் நிலை புதிய உருவில் மீள்கின்றது.

இலக்கிய மாணவனுக்கு இங்கே ஒரு துணைச்சான்று உண்டு. கரைவலை இழுக்கும்போதும் தண்டு வலிக்கும்போதும் பாடப்பெற்ற அம்பாப் பாடல்கள் ஈழத்துக் கடற்கரைகளின் தொழிற்பாடல் மரபைச் சேர்ந்தவை. ஒருவன் எடுத்துக் கொடுக்கப் பலர் ஏற்றுப் பாடும் அவற்றின் வடிவம், பல உடல்கள் ஒரே கணத்தில் விசை தரவேண்டிய உழைப்பின் வடிவமேயாகும். இயந்திரத்தின் ஓசையில் அப்பாடலுக்குத் தேவையில்லை. நாட்டார் இலக்கியத்தைத் திரட்டுவோர் இதனைப் பண்பாட்டின் சிதைவு எனக் கூறி வருந்துவர். அம்பாவோடு மறைந்தது முதுகொடியும் உழைப்பும் ஆதலால் அதற்காக வருந்தவேண்டியதில்லை. ஆனால், கூட்டு உழைப்பு தன்னைத் தானே அறிந்துகொண்ட ஓர் ஒழுங்கு மறைந்தபோது, அதன் இடத்தில் வேறோர் ஒழுங்கு, அதாவது சங்கம், தோன்றியதா என்பதே உரிய வினாவாகும்.

4. காரைநகரில் ஒரு முயற்சி

இந்த வினாவுக்கு விடைகாண முயன்ற ஒரு நிறுவனம் தீவகத்திலேயே தோன்றியது. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராசேந்திரம் 1956 இல் நோர்வேக்குச் சென்றார். அந்நாட்டுக்குச் சென்ற முதல் ஈழத்தமிழராக அவர் கருதப்படுகின்றார். மீன்பிடித்துறையைக் கற்ற அவர், நோர்வீஜிய நண்பர்களுடன் இணைந்து ‘மாலு-மீன்’ என்னும் அமைப்பை உருவாக்கினார். சிங்களத்திலும் தமிழிலும் மீனைக் குறிக்கும் இரு சொற்களின் இணைவு அது. நோர்வேயின் மதுவிலக்கு இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்களின் ஆதரவும் இம்முயற்சிக்குக் கிடைத்தது. 1967 இல் காரைநகரிற் சீநோர் நிறுவனம் தோன்றியது. அங்கே படகு கட்டும் தளமும், குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அமைந்தன.

முன்னர் கூறிய மூன்று கட்டங்களோடு ஒப்பிடும்போது சீநோரின் புதுமை விளங்கும். ஒல்லாந்தக் கம்பனி விளைபொருளைக் கொண்டு சென்றது. திணைக்களம் படகை மட்டும் தந்தது. சீநோர் படகையும் வலையையும் கரையிலேயே உற்பத்தி செய்தது. கண்ணாடியிழைப் படகு கட்டும் அறிவு தீவகத்து இளைஞரின் கைகளுக்கு வந்தது. தொழில்நுட்பம் பண்டமாக அன்றித் திறனாக வந்த முதற் சந்தர்ப்பம் இதுவெனலாம். இடைத்தரகரிடமிருந்து கடற்றொழிலாளரை விடுவிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

ஆயினும் இதன் எல்லையையும் நோக்கவேண்டும். நோர்வேயின் உதவி தெற்காசியாவுக்கு இதுவே முதன்முறையன்று. 1952 இல் ஐக்கிய நாடுகள் சபை, இந்தியா, நோர்வே ஆகியவற்றுக்கிடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி கேரளத்தின் நீண்டகரை, சக்திகுளங்கரை ஆகிய மீனவர் ஊர்களில் இந்திய–நோர்வே திட்டம் நடைமுறைக்கு வந்தது. சிறு மீனவரின் வாழ்வை உயர்த்த வந்த அத்திட்டம், இறால் ஏற்றுமதி பெருகியபோது இழுவைப்படகு உடைமையாளரின் திட்டமாக உருமாறியது. புதிய படகுகளில் முதலிட்டவர்களுட் பலர் கடலறியாத வணிகர். இழுவைமடியால் தம் வலையையும் மீனையும் இழந்த கேரளச் சிறு மீனவர் நீண்ட போராட்டம் நடத்தி, 1988 இல் மழைக்காலத்து இழுவை மீன்பிடிக்குத் தடை பெறவேண்டியதாயிற்று.

இங்கே ஒரு முரண்பாடு கவனத்துக்குரியது. நோர்வே தன் சொந்த நாட்டில் என்ன செய்தது? 1936 இல் அந்நாடு இழுவைப்படகுகளைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தியது. 1938 இல் இயற்றப்பட்ட பச்சைமீன் சட்டத்தின்படி, பிடித்த மீனின் முதல் விற்பனையை நடத்தும் தனியுரிமை மீனவரின் சொந்த விற்பனைச் சங்கங்களுக்கு வழங்கப்பட்டது. குறைந்தபட்ச விலையைச் சங்கமே விதித்தது. வலுவான தொழிலாளர் இயக்கமும் மீனவர் இயக்கமும் பெற்ற வெற்றிகள் அவை. நோர்வேயின் மீனவனை உயர்த்தியதில் இயந்திரத்துக்கு உள்ள பங்கிற் குறையாத பங்கு இச்சட்டங்களுக்கும் உண்டு. ஆனால் கொல்லத்துக்கும் காரைநகருக்கும் கப்பலேறி வந்தவை இயந்திரமும் அச்சும் வலையும் நிபுணருமே. சட்டம் வரவில்லை. விலையை விதிக்கும் உரிமை வரவில்லை. தொழில்நுட்பம் தன் சமூக உறவுகளிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனிப் பண்டமாக ஏற்றுமதியாயிற்று.

இதற்காக நோர்வீஜிய இளைஞரின் நல்லெண்ணத்தை ஐயுறவேண்டியதில்லை. ஒரு நாட்டின் வர்க்கப் போராட்டம் ஈட்டித் தந்த உரிமையை இன்னொரு நாட்டுக்கு உதவியாக வழங்க இயலாது என்பதே இதன் பாடமாகும். சீநோர் பின்னர் அரசின் உடைமையாயிற்று. போர்க்காலத்தில் அதன் மையம் தெற்கே மாறியது. அந்த நிறுவனம் விட்டுச்சென்ற எதிர்பாராத விளைவொன்றும் உண்டு. இராசேந்திரம் திறந்த வழியே நோர்வேயின் மக்கட் கல்லூரிகளுக்குச் சென்ற தமிழ் இளைஞர், 1980களிற் பெருகிய புலம்பெயர்வுக்கு முன்னோடிகளாயினர். படகு கட்டக் கற்பிக்க வந்த திட்டம் கரையைவிட்டுப் போகும் வழியையும் காட்டிற்று.

5. இன்றைய கடல்

1990 இல் ஊர்காவற்றுறை உள்ளிட்ட தீவகத்தின் பெரும்பகுதி இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். எரிபொருள் தடையும் இயந்திர வலுவுக்கான கட்டுப்பாடும் கடலெல்லைத் தடையும் நடைமுறையிலிருந்த ஆண்டுகளில் வடபகுதிக் கடற்றொழில் இயந்திர காலத்திலிருந்து பின்னோக்கித் தள்ளப்பட்டது. அதே ஆண்டுகளில் பாக்கு நீரிணையின் மறுகரையில் தமிழக இழுவைப்படகுகள் எண்ணிக்கையிலும் வலுவிலும் வளர்ந்தன. 1974, 1976 ஆம் ஆண்டு உடன்பாடுகள் கடலில் ஒரு கோடு வரைந்திருந்தன. மூலதனம் அக்கோட்டை மதிக்கவில்லை. 2009 இற்குப் பின்னர் நெடுந்தீவுக் கடலுக்குத் திரும்பிய சிறு படகுக்காரர் தம் வலைகளை இழுவைமடிகள் அறுத்துச் செல்வதைக் கண்டனர்.

இதனை ஈழத்தமிழருக்கும் தமிழகத் தமிழருக்குமிடையிலான பூசலாகவோ இரு நாடுகளின் எல்லைப் பிரச்சினையாகவோ மட்டும் நோக்குவது மேலோட்டமானது. இழுவைப்படகிற் கூலிக்குச் செல்லும் இராமேஸ்வரத்து உழைப்பாளி சிறைக்குச் செல்கின்றான். உடைமையாளன் கரையில் இருக்கின்றான். மோதல் இரு இனக்குழுக்களுக்கிடையேயன்று. இரு உற்பத்தி முறைகளுக்கிடையேயாகும். இலங்கை 2017 இல் சட்டத்திருத்தத்தின் மூலம் அடிமடி இழுவையைத் தடைசெய்தது. அத்தடை குருநகர் முதலிய இடங்களின் உள்ளூர் இழுவைப்படகுகளுக்கும் பொருந்துவதாகும். அதே ஆண்டில் தமிழகத்தில் 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்றும் திட்டம் தொடங்கப்பட்டது. சட்டமும் மானியமும் சேர்ந்தும் இழுவை முற்றாக நிற்கவில்லை. காரணம் எளிது: கடனில் வாங்கிய இயந்திரம் ஓடியே ஆகவேண்டும். கடலின் வளத்தைக் கடனின் தவணை விழுங்குகின்றது.

அண்மைய ஆண்டுகளில் இன்னும் இரு மாற்றங்கள் தீவகத்தை எட்டியுள்ளன. கடலட்டை வளர்ப்பு அவற்றுள் ஒன்று. அடைக்கப்பட்ட பண்ணைகளாக ஆழமற்ற கடல் பிரிக்கப்படும்போது, பொதுவுடைமையாக இருந்த கடல் வேலியிட்ட நிலமாகின்றது. இங்கிலாந்தின் பொதுநிலங்கள் வேலியிடப்பட்ட வரலாற்றைக் கற்றவருக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. பண்ணையின் உரிமை கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்குமாயின் அது ஒருவகைப் பொருளைப் பெறும். வெளியார் முதலீட்டிடம் இருக்குமாயின் வேறொரு பொருளைப் பெறும். தொழில்நுட்பம் இரண்டிலும் ஒன்றே.

மற்றையது மின்சாரம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் இணைந்த மின் திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் அது இடைநிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் இந்தியா நன்கொடையில் அதனைச் செய்ய உடன்பட்டது. 2024 இல் ஓர் இந்திய நிறுவனத்துடன் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. டீசல் மின்பிறப்பாக்கியில் தங்கியிருந்த தீவுகளுக்கு இம்மின்சாரம் இன்றியமையாதது. ஆயினும் யார் கட்டுவது என்பது இரு வல்லரசுகளின் தலைநகரங்களில் பேசித் தீர்க்கப்பட்டபோது, நெடுந்தீவின் பெயர் அங்கே ஒரு வரைபடக் குறியாகவே இருந்தது. டெல்ஃப்ட் என்று பெயரிட்டவர்களின் பார்வை இன்னும் மறையவில்லை.

முடிவுரை

தொழில்நுட்பத்தை எதிர்ப்பது இக்கட்டுரையின் நிலைப்பாடன்று. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியின்றி உழைப்பாளியின் விடுதலை இல்லை. பாயோடிய காலத்தைப் பொற்காலமாகச் சித்திரிப்பது, அக்காலத்தின் சாதிக் கொடுமையையும் கடலில் மாண்டவரையும் மறப்பதாகும். அதேவேளை, புதிய இயந்திரம் வந்தால் வாழ்வு தானாக உயரும் என்னும் அபிவிருத்தி நம்பிக்கையையும் தீவகத்தின் வரலாறு பொய்யாக்கியுள்ளது. கட்டாய உழைப்பு இருந்த இடத்திற் புதுமை தோன்றவில்லை. மலிந்த உழைப்பு இருந்த இடத்தில் அது தாமதித்தது. கடனோடு வந்த இடத்தில் அது உபரியை மேல்நோக்கிக் கொண்டு சென்றது. நல்லெண்ணத்தோடு வந்த இடத்திலும், உரிமையின்றி வந்தமையால், வேரூன்றவில்லை.

ஆகவே தீவகத்துக்கு வரும் எந்தப் புதிய தொழில்நுட்பத்தையும் அதன் திறனைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. அதன் உடைமை யாருடையது, கடல் பொய்த்த நாளின் இழப்பை யார் சுமப்பது, அதனை நிறுத்தவோ மாற்றவோ முடிவெடுக்கும் உரிமை யாருக்குண்டு என்னும் மூன்று வினாக்களுக்கும் முதலில் விடை கேட்கவேண்டும். இந்த வினாக்களை எழுப்பும் தகுதி ஆய்வாளருக்கு முன்னரே கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் சமாசங்களுக்கும் உண்டு. முதல் விற்பனையின் விலையைச் சங்கமே விதிக்கும் உரிமை நோர்வேயில் 1938 இல் சட்டமாயிற்று. ஊர்காவற்றுறையின் கரையில் அதற்கான கோரிக்கை இனித்தான் எழவேண்டும்.